புது ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு 2,40,000 கொட்டேஷன்: இதுல எது நியாயம், எதை வெட்டலாம்?

விழுப்புரம் மாவட்டத்துலருந்து ஒரு தம்பி நாலு பக்கத்துக்கு எழுதி, கூடவே ரெண்டு கொட்டேஷனையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார். அவர் பேரு, பைக் கம்பெனி, ஷோரூம் எதையும் இங்க போடல. வயசு 26, தனியார் கம்பெனி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 27,000. அப்பாவோட பழைய மொபட்லதான் இத்தனை வருஷமா வேலைக்குப் போய் வர்றார். காலேஜ் படிக்கிறப்பலருந்தே ஃபுல் ஃபேரிங் (வண்டியோட முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடுற பிளாஸ்டிக் உறை) வெச்ச ஸ்போர்ட்ஸ் பைக் மேல ஆசை, அதுக்காகவே மூணு வருஷமா சீட்டு கட்டி 1,00,000 சேர்த்து வெச்சிருக்கார். பார்த்து வெச்சிருக்கிற வண்டி 150-க்கும் 350-க்கும் நடுவுல இருக்கிற சிசி, எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ரோடு டேக்ஸும் இன்சூரன்ஸும் சேராத வண்டி விலை, 1,80,000. ஊர்ல இருக்கிற ஷோரூம்ல போய் கேட்டா ஆன்ரோடு, அதாவது எல்லாச் செலவும் சேர்த்து, 2,40,000னு எழுதிக் குடுத்து, 5,000 அட்வான்ஸும் வாங்கிட்டாங்க, அதுவும் சேல்ஸ்ல இருக்கிற பையனோட சொந்த நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்லி. கடலூர்ல இன்னொரு ஷோரூம், 5,000 டிஸ்கவுன்ட் தர்றோம் ஆனா லோன் எங்ககிட்டதான் போடணும்னு சொல்லுது. பாண்டிச்சேரில இருக்கிற மாமா, "என் வீட்டு அட்ரஸ்ல போட்டுக்கோடா, வரியே பாதி மிச்சமாகும்"னு கூப்பிடுறார். சீக்கிரம் முடிவு பண்ணலைன்னா விலை ஏறிடும்னு ஷோரூம்ல தினமும் போன். "மேடம், ஏமாறாம வாங்கணும், அவ்ளோதான். எங்க போனா விலை கம்மி?" இதுதான் கேள்வி.

தம்பி, முதல்ல ஒன்னு. எந்த ஊர்ல கம்மின்னு தேடுறதை கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க. எக்ஸ்-ஷோரூம் விலையை நிர்ணயம் பண்றது கம்பெனி, தமிழ்நாட்டுக்குள்ள நீங்க எந்த ஷோரூமுக்குப் போனாலும் அதுல பெரிய வித்தியாசம் இருக்காது. உங்க கையை விட்டுப் போகப்போற பணம் எல்லாமே அந்தக் கொட்டேஷன்ல 1,80,000-க்குக் கீழ எழுதியிருக்கிற மத்த ஐட்டங்கள்லதான் இருக்கு. 18 வருஷமா நுகர்வோர் கேஸும் விபத்து கேஸும் பார்த்துட்டு இருக்கேன், வண்டி வாங்கி ஏமாந்துட்டேன்னு வர்றவங்க முக்கால்வாசி பேர் கொண்டு வர்ற பேப்பர்ல இதே ஐட்டங்கள்தான் இருக்கும். அதனால அதை ஒவ்வொன்னா பார்த்துடலாம்.

உங்க கொட்டேஷன்ல இருக்கிறது இது: ஆர்டிஓ செலவு 27,800, இன்சூரன்ஸ் 17,900, ஹேண்ட்லிங் சார்ஜ் 3,500, ஆக்சஸரீஸ் கிட் 6,800, ஹெல்மெட் 1,600, எக்ஸ்டெண்டட் வாரண்டி 2,400. ஆக மொத்தம் வண்டி விலைக்கு மேல 60,000. இதுல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ரெண்டே கேள்வி கேளுங்க: இந்தப் பணம் யாருக்குப் போகுது, அவங்க ரசீது குடுப்பாங்களா?

ஆர்டிஓ செலவு

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லருந்து புது டூவீலருக்கு லைஃப் டேக்ஸ், வண்டி விலை 1 லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல போனா 12 சதவீதம். உங்க வண்டிக்கு முழு எக்ஸ்-ஷோரூம் விலைக்குப் போட்டாலும் 21,600 தான் வரும். ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் 300, லோன் போட்டா ஹைப்பாத்திகேஷன் (வண்டி மேல கடன் இருக்குங்கிற குறிப்பு) பதிய 500, ஸ்மார்ட் கார்டு 200, இன்னும் சின்னச் சின்னதா ஏதாவது சேர்ந்தாலும் 23,000-க்குள்ள முடியணும். 27,800ல மிச்சம் கிட்டத்தட்ட 5,000 எங்க போகுதுன்னு கேளுங்க, "ஏஜென்ட் செலவு, ஃபைல் செலவு"ன்னு பதில் வரும். அதுக்கு ரசீது கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், அதே மாநிலத்துல பதியுற புது வண்டிக்கு விண்ணப்பம் போடுறதே டீலரோட பொறுப்புதான், அதுக்குத் தனியா ஆள் வெச்சேன்னு உங்ககிட்ட வாங்குறது நியாயம் இல்ல. வரி ஆன்லைன்லதான் கட்டுறாங்க, அப்ளிகேஷன் நம்பர் வாங்கி பரிவாஹன்கிற அரசு சைட்ல போட்டா எவ்வளவு கட்டினாங்கன்னு ரசீதே வரும். "ரசீதுல என்ன இருக்கோ அதை அப்படியே குடுத்துடுறேன்"னு சொல்லிப் பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்கே பாதி இறங்கிடுவாங்க.

நம்பர் பிளேட்டுக்குன்னு தனியா கேட்டா ஒத்துக்காதீங்க, 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் தயாரான வண்டிக்கு அதைக் கம்பெனியே வண்டியோட சேர்த்துக் குடுக்கணும்.

இன்சூரன்ஸ்ல மட்டும் கண்ணை மூடிட்டு வெட்டாதீங்க

"தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தா போதும்தானே, காசு மிச்சமாகுமே"ன்னு எழுதியிருக்கீங்க. போதாது தம்பி. தேர்ட் பார்ட்டிங்கிறது உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு மட்டும்தான். இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

புது டூவீலருக்கு 5 வருஷத்துக்கு தேர்ட் பார்ட்டி எடுத்தே ஆகணும், 2018 செப்டம்பர்லருந்து இதான் விதி, சுப்ரீம் கோர்ட் சொல்லி வந்தது. 150லருந்து 350 சிசி வரைக்கும் 2022-ல நிர்ணயம் பண்ணின 5 வருஷ ப்ரீமியம் 7,365, அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 8,700. இது எந்தக் கம்பெனில எடுத்தாலும் ஒரே ரேட், இதுல பேரம் கிடையாது. பேரம் எல்லாமே உங்க வண்டிக்கு ஆகுற சேதத்தைப் பார்த்துக்கிற ஓன் டேமேஜ் பகுதியிலதான், அதை ஒரு வருஷத்துக்கு எடுத்தா போதும். நீங்களே ஆன்லைன்ல பார்த்தப்போ ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம குடுக்கிற கவர்), பர்சனல் ஆக்சிடென்ட் கவர் எல்லாம் சேர்த்தே 12,900 காட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க, ஷோரூம்ல 17,900. அதே ஐடிவி, அதே கவர் இருக்கான்னு வரிக்கு வரி வெச்சுப் பாருங்க, இருந்தா அந்த 5,000 கமிஷனுக்குப் போகுதுன்னு அர்த்தம். (ஐடிவிங்கிறது வண்டி திருட்டுப் போனா கிடைக்கிற தொகை, புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம்ல 95 சதவீதம், உங்களுக்கு 1,71,000. அதைக் குறைச்சுக் காட்டி ப்ரீமியம் கம்மின்னு சொல்றதும் நடக்குது, கவனம்.)

எந்தக் கம்பெனில பாலிசி எடுக்கணுங்கிறது உங்க இஷ்டம், ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. "வெளில எடுத்தா கேஷ்லெஸ் (ரிப்பேர் காசை இன்சூரன்ஸே நேரா கட்டுறது) கிடையாது"ன்னு பயமுறுத்தியிருக்காங்க பாருங்க, அது அப்படி இல்ல. நீங்க எடுக்கிற இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அந்த சர்வீஸ் சென்டரோட டை-அப் இருக்கான்னுதான் பார்க்கணும், அந்த லிஸ்ட் கம்பெனி சைட்லயே இருக்கும். இன்வாய்ஸ் போட்டதும் சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் குடுங்க, நானே பாலிசி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லுங்க. அனேகமா அவங்களே அந்த ரேட்டுக்கு இறங்கி வருவாங்க.

இப்போ ஜீரோ டெப். நீங்க வாங்கப்போறது சாதாரண கம்யூட்டர் பைக் இல்ல. ஃபுல் ஃபேரிங் வண்டி நின்ன இடத்துல சாய்ஞ்சாக்கூட ஃபேரிங், இண்டிகேட்டர், வைசர்னு எல்லாம் பிளாஸ்டிக்ல போகும். சாதாரண பாலிசில ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, வண்டி வாங்கி ஒரு மாசமே ஆகியிருந்தாலும் சரி. அதாவது உடையுறதுல பெரும்பங்குக்கு பாதி காசு உங்க பாக்கெட்லருந்து. சில நூறு ரூபா மிச்சம் பிடிக்கப்போய் இதை விட்டுட்டு, முதல் ஸ்லிப்லயே பத்து பதினைஞ்சாயிரம் கட்டிட்டு வந்து "மேடம் கேஸ் போடலாமா"ன்னு கேட்ட பசங்க இருக்காங்க. பாலிசில எழுதியிருக்கிறதுக்கு நான் என்ன கேஸ் போட முடியும்.

அதே மாதிரி 15 லட்சத்துக்கு பர்சனல் ஆக்சிடென்ட் கவர். ஏற்கனவே இன்னொரு பாலிசில அந்தக் கவர் இருந்தாத்தான் வேணாம்னு சொல்லலாம், உங்களுக்கு இல்ல. உங்க சம்பளத்தை நம்பி அப்பா அம்மா இருக்காங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. விபத்து கேஸ்ல வண்டி ஓட்டினவர் மேலயே தப்புன்னு ஆயிட்டா குடும்பத்துக்கு தேர்ட் பார்ட்டிலருந்து எதுவும் வராது, இந்தக் கவர் ஒன்னுதான் மிச்சம். அந்த மாதிரி குடும்பங்களை எதிர்ல உக்காத்தி வெச்சு ஒன்னும் கிடைக்காதுன்னு சொல்ற வேலை எனக்கு எப்பவும் பழகாது. வருஷத்துக்கு சில நூறு ரூபாதான், எடுத்துடுங்க.

ஹேண்ட்லிங், கிட், ஹெல்மெட்

ஹேண்ட்லிங் சார்ஜுன்னு ஒரு கட்டணம் மோட்டார் வாகனச் சட்டத்துல எங்கயும் கிடையாது. வண்டியை ஷோரூம் வரைக்கும் கொண்டு வந்து துடைச்சு நிறுத்துறது அவங்க வியாபாரத்தோட செலவு. 3,500 முழுசா எடுக்கச் சொல்லுங்க.

ஆக்சஸரீஸ் கிட் "கம்பல்சரி, இல்லைன்னா டெலிவரி லேட் ஆகும்"னு சொன்னாங்களாமே, இது சட்டப்படி தப்பு. ஒரு பொருளை வாங்கணும்னா இன்னொன்னையும் வாங்கியே ஆகணும்னு கட்டுப்படுத்துறதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(41)ல கட்டுப்பாடான வணிக நடைமுறைன்னு சொல்லுது, புகார் குடுக்க அதுவே காரணம். டேங்க் பேட், சீட் கவர், டெஃப்லான் கோட்டிங் இதுக்கா 6,800? வேணும்னா வெளில பார்த்து ஒவ்வொன்னா போட்டுக்கலாம்.

ஹெல்மெட், மத்திய மோட்டார் வாகன விதி 138(4)(f)-ன்படி டூவீலர் விக்கிறப்போ தயாரிப்பாளரே ஐஎஸ்ஐ தரத்துல ஒன்னு குடுக்கணும். அதுக்கு 1,600 கேட்டா விதி நம்பரைச் சொல்லுங்க. ஆனா ஒரு அக்காவா சொல்றேன், அந்த ஹெல்மெட்டை பின்னாடி உக்கார்றவங்களுக்கு வெச்சுட்டு, மிச்சம் பிடிக்கிற காசுல ஒரு நாலாயிரத்தை எடுத்து உங்க தலைக்குச் சரியா பொருந்துற நல்ல ஃபுல்ஃபேஸ் ஒன்னு வாங்குங்க.

எக்ஸ்டெண்டட் வாரண்டி கெட்டது இல்ல. ஆனா அன்னிக்கே எடுக்கணும்னு அவசரம் இல்ல, நிறைய கம்பெனில ஒரிஜினல் வாரண்டி முடியுறதுக்குள்ள எடுத்துக்கலாம், கடைசி தேதி என்னன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

இப்போ கூட்டிப் பாருங்க. 1,80,000, வரி மத்ததெல்லாம் 23,000, இன்சூரன்ஸ் 12,900. மொத்தம் 2,15,900. அதாவது 2,40,000லருந்து 24,100 குறையுது. அது உங்களோட கிட்டத்தட்ட ஒரு மாச சம்பளம்.

அந்த "ஜிஎஸ்டி ஆஃபர்" பத்தி

கொட்டேஷன் மூலையில "ஜிஎஸ்டி ஸ்பெஷல் ஆஃபர் 15,000 ஏற்கனவே கழித்தது"ன்னு எழுதியிருக்கு, அதனால மேற்கொண்டு டிஸ்கவுன்ட் கேட்க சங்கடமா இருக்குன்னு சொல்றீங்க. சங்கடமே வேணாம். 2025 செப்டம்பர் 22லருந்து 350 சிசி வரைக்கும் பைக்குக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆச்சு. இன்னிக்கு 1,80,000 விக்கிற வண்டி பழைய வரில 1,95,000 சுமாரா வந்திருக்கும். அந்தப் பதினைஞ்சாயிரம் அரசு குறைச்ச வரி, ஷோரூம்காரர் தன் லாபத்துலருந்து ஒத்த ரூபா விடல. அவர் தர்ற டிஸ்கவுன்ட் என்னன்னு தனியா கேளுங்க. நண்பர் சொன்னாருன்னு 350 சிசிக்கு மேல இருக்கிற 390 மாடலுக்குப் போகலாமான்னும் ஒரு வரி எழுதியிருக்கீங்க, 350 சிசிக்கு மேல வரி 40 சதவீதம், தேர்ட் பார்ட்டி 5 வருஷத்துக்கு 15,117, அது மேலயும் ஜிஎஸ்டி. 27,000 சம்பளத்துக்கு அது வேணாம்னுதான் சொல்வேன்.

கடலூர் ஷோரூமோட 5,000

அவங்க குடுத்த லோன் கணக்கு: 1,20,000 கடன், 36 மாசம், 9.5 சதவீதம் ஃப்ளாட். கேட்க கம்மியா தெரியுது, பேங்க்ல 12 சொல்றாங்க, இங்க 9.5 தானேன்னு நீங்களும் எழுதியிருக்கீங்க. இங்கதான் தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. ஃப்ளாட்னா, நீங்க மாசா மாசம் அசலைக் கட்டிக் குறைச்சுட்டே வந்தாலும் கடைசி மாசம் வரைக்கும் முழு 1,20,000-க்கும் வட்டி போடுவாங்க. மூணு வருஷத்துக்கு வட்டி 34,200, மாசத் தவணை 4,283. பேங்க் பாணில குறையுற பாக்கிக்குக் கணக்குப் போட்டா இது 17 சதவீதம் வட்டி. உங்க சம்பளம் ஏறுற பேங்க்ல 12 சதவீதத்துக்குக் கிடைச்சா தவணை 3,986, மொத்த வட்டி 23,500 சுமார். அப்போ 5,000 டிஸ்கவுன்ட் குடுத்துட்டு 10,700 வாங்கிக்கிறாங்க, ப்ராசஸிங் ஃபீஸ் வேற தனி.

2024 அக்டோபர் 1லருந்து ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி எந்த ரீடெயில் லோனுக்கும், பேங்க்கானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், கையெழுத்துக்கு முன்னாடி முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு ஷீட் குடுக்கணும். அதுல ஏபிஆர்னு எல்லாச் செலவையும் சேர்த்த வருஷ வட்டி இருக்கும். வாயால என்ன சொன்னாலும் அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்க. முன்கூட்டியே அடைச்சா எவ்வளவு பிடிப்பாங்கன்னும் அதே ஷீட்ல பாருங்க, சீட்டு அடுத்து விழுந்தா அடைச்சுடலாம்னு நீங்க நினைக்கிறதால இது முக்கியம். ஷோரூம்ல போய் முதல் வார்த்தையே "இஎம்ஐ எவ்வளவு வரும்"னு கேட்காதீங்க, அதுக்கப்புறம் மொத்த விலை பேச்சிலருந்தே காணாமப் போயிடும்.

பாண்டிச்சேரி மாமா வீட்டு அட்ரஸ்

மாமா நல்ல எண்ணத்துலதான் சொல்றார், அங்க வரி கம்மிங்கிறதும் உண்மைதான். ஆனா வண்டி பதியறது நீங்க குடியிருக்கிற, இல்ல வண்டியை வழக்கமா நிறுத்தி வெக்கிற ஊரு எதுங்கிறதை வெச்சு. நீங்க இருக்கிறதும் வண்டி நிக்கப்போறதும் விழுப்புரம் பக்கம். மாமா வீட்டுல வாடகைக்கு இருக்கிற மாதிரி அக்ரிமென்ட் போட்டுப் பதிஞ்சா அது பொய்யான ஆவணம், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55(5)ன்படி அந்த ரிஜிஸ்ட்ரேஷனையே ரத்து பண்ணலாம். மாட்டினா பாதிக்கப்படுறது நீங்க மட்டும் இல்ல, கையெழுத்துப் போட்ட மாமாவும்தான். அங்க பில் போட்டு டெம்ப்ரவரி ரிஜிஸ்ட்ரேஷன்ல கொண்டு வந்து இங்க முறையா பதியலாம், தப்பில்ல, ஆனா அப்போ தமிழ்நாட்டு வரிதான் கட்டணும், மிச்சம் ஒன்னும் இருக்காது. மாமாகிட்ட நன்றி சொல்லி விட்டுடுங்க. விலை ஒப்பிடணும்னா கடலூர், திண்டிவனம், சென்னைன்னு மாநிலத்துக்குள்ளயே நாலு இடத்துல எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க, எங்க வாங்கினாலும் உங்க சொந்த அட்ரஸ்லயே பதியலாம். மாசக் கடைசில போங்க, டார்கெட் ஓடுற நேரம் கொஞ்சம் இளகுவாங்க.

அந்த 5,000 அட்வான்ஸ்

எனக்கு உங்க கடிதத்துல ரொம்ப உறுத்தினது இதுதான். ஷோரூம் அக்கவுன்ட்டுக்குப் போடாம ஒரு ஆளோட நம்பருக்குப் போட்டிருக்கீங்க, கையில இருக்கிறது ஒரு துண்டுச்சீட்டு. அந்தப் பையன் நாளைக்கே வேலையை விட்டுட்டா "எங்களுக்கு வரவே இல்ல"ன்னு சொல்லிடலாம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்திட்டு, இன்னிக்கே ஷோரூமோட மெயிலுக்கும் மேனேஜர் வாட்ஸ்அப்புக்கும் இப்படி எழுதுங்க:

"இந்தத் தேதியில் உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்ன எண்ணுக்கு முன்பணம் 5,000 செலுத்தினேன். ஜிஎஸ்டி எண் உள்ள ரசீது தரவும். ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரீஸ் கிட் எனக்கு வேண்டாம். ஹெல்மெட் விதிப்படி வண்டியுடன் வர வேண்டும். காப்பீடு நானே எடுத்துக்கொள்கிறேன். வரி, பதிவுக் கட்டணம் அரசு ரசீதுப்படி செலுத்துகிறேன். திருத்திய கொட்டேஷனை 3 நாளில் அனுப்பவும், இயலாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவும்."

சண்டை வேணாம், இவ்வளவுதான். பதில் வரலைன்னா 1915-க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணுங்க, நிறைய ஷோரூம் அதுக்கே இறங்கி வந்துடும். அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம், 2 வருஷ அவகாசம் இருக்கு. வெறும் 5,000-க்காக கோர்ட்டுக்கு நடக்கணுமான்னு தோணும், அது உங்க முடிவு, ஆனா அந்தப் பணம் போயிடுமேங்கிற பயத்துல 24,000 அதிகமா குடுத்து அங்கயே வாங்கிடாதீங்க. ஷோரூம்காரங்க நம்பி இருக்கிறதே அந்தப் பயத்தைத்தான்.

விலை ஏறிடும்னு தினமும் போன் வருதே, அதைப் பத்தி. கம்பெனி விலை ஏத்தறது உண்டு, ஆனா ஏத்தினா சில நூறு, இல்ல ஆயிரம் ரெண்டாயிரம். உங்க கொட்டேஷன்ல வெட்ட வேண்டியதோட ஒப்பிட்டா அது ஒன்னுமே இல்ல. பத்து நாள் தாராளமா எடுத்துக்கோங்க.

டெலிவரி அன்னிக்கு ஃபார்ம் 21 சேல் சர்டிபிகேட்ல தயாரிச்ச மாசம், வருஷம் பாருங்க. போன வருஷ ஸ்டாக்குன்னா வாங்கக் கூடாதுன்னு இல்ல, ஆனா விக்கப் போறப்போ ஒரு வருஷம் பழசாத்தான் கணக்கு வரும், அதுக்குத் தகுந்த மாதிரி விலை குறைக்கச் சொல்லணும். சேசிஸ் நம்பர் வண்டிலயும் இன்வாய்ஸ்லயும் பாலிசிலயும் ஒன்னா இருக்கான்னு எழுத்து எழுத்தா படிங்க. நம்பர் பிளேட் மாட்டாம வண்டியைக் குடுக்கக் கூடாதுங்கிறது சட்டம், "அப்புறம் மாட்டிக்கலாம், நல்ல நேரம் போயிடும்"னு சொன்னா சாவியை வாங்காதீங்க, அப்பா அம்மாவைக் கூட்டிட்டு இன்னொரு நல்ல நாள் பார்த்துப் போய் எடுத்துட்டு வாங்க.